முகிலிற் கண்ட சுவடு

ஈரமணலிற் பதிந்த அடிச்சுவட்டைக் கொண்டே அவ்வழிச் சென்ற விலங்கு இன்னதென அறிகின்றோம். விலங்கைக் கண்டிலோம், எனினும் அதன் வரவை ஐயுறுவதில்லை. கண்ணுக்குப் புலனாகா நுண்துகள்களையும் இவ்வாறே சுவடு கொண்டு அறியலாம் என உலகிற்குக் காட்டியவர் சார்லஸ் தாம்சன் ரீஸ் வில்சன் என்னும் அறிஞராவார்.

இவர் 1869ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 14ஆம் நாள், ஸ்காத்லாந்தில் ஆடு வளர்க்கும் உழவர் ஒருவர்க்கு மகனாகப் பிறந்தார். நான்கு வயதிலேயே தந்தையை இழந்தார். குடும்பம் மான்செஸ்டர் நகரிற் குடியேறிற்று. மருத்துவராக விரும்பிக் கல்வியைத் தொடங்கிய வில்சன், பின்னர்க் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயற்பியலையே தமக்குரிய துறையாகக் கொண்டார்.

1894ஆம் ஆண்டு செப்டம்பரில், பிரிட்டனின் மிக உயர்ந்த மலையாகிய பென் நெவிசின் உச்சியிலிருந்த வானிலை நிலையத்தில் அவர் இரு வாரம் பணிபுரிந்தார். அங்கே முகிற்பரப்பின்மீது விழுந்த நிழலைச் சூழ்ந்து வண்ண வளையங்கள் ஒளிர்தலைக் கண்டு வியந்தார். அம்முகிலை ஆய்வுக்கூடத்திலேயே உண்டாக்கிப் பார்க்க வேண்டும் என்னும் வேட்கை அவர் உள்ளத்தில் எழுந்தது.

ஈரக் காற்றைக் கண்ணாடிக் கலத்தில் அடைத்துத் திடீரென விரியச் செய்தால் அது குளிரும். நீராவி தூசியைப் பற்றித் துளிகளாகத் திரளும். தூசியை அறவே நீக்கிய பின்னரும், விரிவை மிகுத்தபோது சில துளிகள் தோன்றின. காரணம் யாது? 1896இல் எக்ஸ் கதிர்களைக் கலத்தினுட் செலுத்தினார். துளிகள் பெருகி முகில் அடர்ந்தது. மின்னேற்றம் பெற்ற அயனிகளே அத்துளிகளுக்குக் கருவாகும் என்பது தெளிவாயிற்று.

கலங்களை அவர் தம் கையாலேயே செய்தார். அவை உடைந்தபோது சோர்வுறாது மீண்டும் தொடங்கினார். 1911இல் அம்முயற்சி கனிந்தது. மின்னேற்றமுடைய துகள் தான் செல்லும் வழியெல்லாம் அயனிகளைத் தோற்றுவிக்கும். அவற்றின்மீது துளிகள் படிய, துகள் சென்ற வழி மெல்லிய வெண்கோடாக விளங்கிற்று. வில்சன் அதனைப் படம் பிடித்தார். இக்கருவியே முகில் அறை எனப்படுவது. இதன் பொருட்டு 1927இல் காம்ப்டன் என்பாருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1932இல் ஆண்டர்சன் என்னும் அமெரிக்கர் முகில் அறையின் துணைகொண்டே பாசிட்ரான் என்னும் துகளைக் கண்டறிந்தார்.

வில்சனோ முகிலை மறந்தாரல்லர். இடிமுகிலின் மின்சாரம் பற்றிய கட்டுரையொன்றை 1956இல், தம் 87ஆம் வயதில் வெளியிட்டார். 1959ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் உலக வாழ்வை நீத்தார்.

அவர் வகுத்த நெறி அவரோடு மறையவில்லை. ஜெனீவா நகரருகே நிலத்தின் கீழ் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் புரோட்டான்களை மோதவிட்டு அறிஞர் ஆராய்ந்தனர். நொடிக்குக் கோடிக்கணக்கில் நிகழும் மோதல்களைத் தொடர முகிலின் விரைவு போதாது. ஆதலின் மெல்லிய சிலிக்கன் தகடுகளை அடுக்கடுக்காக அமைத்தனர். சி.எம்.எஸ். என்னும் கருவியில் மட்டும் அவற்றின் பரப்பு ஏறத்தாழ 200 சதுர மீட்டர். துகள் ஊடுருவும்போது தகட்டினுள் மின்னூட்டங்கள் விடுபட்டுச் சிறு மின்குறிப்பு எழும். தகடுதோறும் எழும் அப்புள்ளிகளை இணைத்தால் துகளின் வழி புலனாகும். காந்தப் புலத்தில் அவ்வழி வளையும் அளவால் அதன் உந்தமும் விளங்கும். 2012இல் ஹிக்ஸ் துகளைக் கண்டறிதற்கு இத்தகடுகள் பெரிதும் துணைநின்றன. துளி நின்ற இடத்தில் மின்குறிப்பு நின்றது. சுவட்டால் அறியும் நெறி மாறவில்லை.

மலையுச்சியில் முகிலின் எழிலைக் கண்டார் பலர். அதன் காரணத்தை ஆண்டுகள் பலவாக விடாது தேடியவர் வில்சன். பயன் கருதாது மேற்கொண்ட அத்தேட்டமே அணுவுலகைக் காணும் கண்ணாயிற்று. சிறிய வியப்பையும் புறக்கணியாது, விடாமுயற்சியுடன் ஆராய்தலே அறிவை வளர்க்கும் வழியாகும்.