நிறுத்தக் கற்பித்த மேதை

பருத்திப்பட்டிலிருந்து ஆவடி நிலையம் சென்று மின்சார ரயில் ஏறுவோர் பலர். ஓடும் வண்டியின் வேகத்தைக் கண்டு வியக்கும் நாம், அது குறித்த இடத்தில் நிற்பதைக் கண்டு வியப்பதில்லை. ஓட்டுவதினும் நிறுத்துவதே அரிது என்று உணர்ந்து, அதற்கு வழி கண்ட பெருமகனார் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் ஆவார்.

இவர் 1846ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், சென்ட்ரல் பிரிட்ஜ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையின் இயந்திரப் பட்டறையே இவருக்குப் பள்ளியாயிற்று. உள்நாட்டுப் போரில் பணியாற்றித் திரும்பியதும், 19 வயதிலேயே ஒரு நீராவி இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார்.

1866ஆம் ஆண்டு வாக்கில் ஒரு விபத்து இவர் உள்ளத்தைத் தைத்தது. இரண்டு சரக்கு வண்டிகள் நேருக்கு நேர் மோதிக் கிடந்தன. பாதை நேரானது, பட்டப்பகல். ஓட்டுநர்கள் ஒருவரையொருவர் கண்டும் வண்டியை நிறுத்த முடியவில்லை! அக்காலத்தில் ஓட்டுநர் ஊதல் கொடுத்ததும், பணியாளர்கள் பெட்டிக்குப் பெட்டி ஓடி, கையால் சக்கரம் சுற்றிப் பிரேக் போட வேண்டும். தவறி விழுந்து மடிந்தோர் பலர்.

ஆல்ப்ஸ் மலையில் அழுத்தப்பட்ட காற்றால் சுரங்கம் குடைவதை ஓர் இதழில் படித்த வெஸ்டிங்ஹவுஸ், அக்காற்றையே பிரேக்குக்குப் பயன்படுத்த எண்ணினார். 1869இல் காப்புரிமை கிடைத்தது. ஆயினும் ஒரு குறை இருந்தது. காற்றுக்குழாய் அறுந்தால் பிரேக் இயங்காது. 1872இல் அதைத் தலைகீழாக மாற்றினார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு காற்றுத் தொட்டி வைத்தார். குழாயில் அழுத்தம் குறைந்தால் பிரேக் தானே விழும். குழாய் அறுந்தாலும் வண்டி நிற்கும். பழுதும் பாதுகாப்பாயிற்று!

வண்டி நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்? நாம் வகுப்பில் படித்த இயக்கச் சமன்பாடே விடை தருகிறது. வேகத்தின் வர்க்கத்தை, வேகத் தளர்ச்சியின் இருமடங்கால் வகுக்க வேண்டும். தளர்ச்சி வினாடிக்கு வினாடி 0.5 மீட்டர் எனக் கொள்வோம். மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் 100 மீட்டர் போதும். 72 கிலோமீட்டரில் 400 மீட்டர். 108 கிலோமீட்டரில் 900 மீட்டர்! வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்காகிறது. ஓட்டுநர் கண்டு கை வைப்பதற்குள் வண்டி ஓடும் தூரம் இதற்கும் மேல்.

ஆதலால் கண்ணை மட்டும் நம்ப இயலாது. சிக்னல் முன்னரே எச்சரிக்க வேண்டும். மஞ்சள் விளக்குக்கும் அடுத்த சிவப்பு விளக்குக்கும் இடையே, வண்டி நிற்கப் போதுமான தூரம் இருந்தே ஆக வேண்டும். அதற்கப்பாலும் சிறிது பாதையைக் காலியாக விடுவர். வெஸ்டிங்ஹவுஸ் 1881இல் சிக்னல் நிறுவனம் ஒன்றையும் தொடங்கினார். தண்டவாளத்தில் பாயும் மின்னோட்டம் வண்டியால் குறுக்கே திருப்பப்பட்டால் சிக்னல் நிற்கும்படி எச்சரிக்கும். கம்பி அறுந்தாலும் அவ்வாறே. பிரேக்கின் தத்துவமே இங்கும் விளங்குகிறது.

1878இல் இங்கிலாந்தில் டக்ளஸ் கால்ட்டன் என்பவருடன் சேர்ந்து சோதனைகள் நடத்தினார். வேகம் மிகுந்தால் பிரேக் கட்டையின் பிடி குறைகிறது என்பதும், சுழலாமல் வழுக்கும் சக்கரம் வண்டியை நன்கு நிறுத்தாது என்பதும் புலனாயின. 1886இல் 50 பெட்டிகள் கொண்ட சரக்கு வண்டிச் சோதனையில், முன்பெட்டிகள் தளர்ந்த பின்னரே கடைப்பெட்டிகளுக்குப் பிரேக் எட்டியது; பெட்டிகள் முட்டி மோதின. அவர் சோர்வடையவில்லை; 1887இல் விரைந்தியங்கும் வால்வை உருவாக்கினார். 1893இல் அமெரிக்கச் சட்டம் இத்தகைய பிரேக்கைக் கட்டாயமாக்கியது.

1907ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியில் தம் நிறுவனங்கள் பலவற்றின் ஆளுகையை இழந்த அவர், 1914 மார்ச் 12இல் மறைந்தார். நிறுவனங்கள் கைவிட்டுப் போயினும் அவர் கண்ட நெறி நிலைத்தது. தோழியரே, கணக்குப் பாடம் தேர்வுக்கு மட்டுமன்று. ஒரு சமன்பாட்டைச் சரியாகப் போட்டவர் யாரோ. அதனால் வீடு திரும்புவோர் ஆயிரம் ஆயிரம் பேர்!