டேனியல் பெயர்ட் வெசன்

டேனியல் பெயர்ட் வெசன் (மே 18, 1825 - ஆகஸ்டு 4, 1906) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த துப்பாக்கி வடிவமைப்பாளரும் தொழிலதிபரும் ஆவார். ஹோரஸ் ஸ்மித் என்பவருடன் சேர்ந்து ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனத்தை நிறுவியவர். இவ்விருவரும் 1857ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறிய தோட்டா, இன்று .22 ஷார்ட் என்று அழைக்கப்படுகின்றது. ரிம்பயர் எனப்படும் விளிம்புவெடித் தோட்டாக்களில் வணிக அளவில் வெற்றிபெற்ற முதல் அமெரிக்கத் தோட்டா இதுவே. இன்று பொழுதுபோக்குச் சுடுதலிலும் பயிற்சியிலும் மிகுதியாகச் செலவாகும் .22 லாங் ரைபிள் தோட்டா இதன் வழிவந்ததாகும். இவ்வகைத் தோட்டாவின் மலிவும், அது சில வேளைகளில் வெடிக்காமற் போவதும் ஒரே காரணத்தால் விளைபவை. அக்காரணம் வெசன் தெரிவு செய்த மெல்லிய விளிம்பு ஆகும்.

இளமைக்காலம்

வெசன் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் நகரில் பிறந்தார். தந்தை ரூபஸ் வெசன் வேளாண்மை செய்ததுடன் கலப்பைகளும் செய்து விற்றவர். தந்தையின் தொழிலில் நாட்டம் கொள்ளாத டேனியல், தம் பதின்வயதின் இறுதியில் அண்ணன் எட்வின் வெசனிடம் துப்பாக்கித் தொழில் பயிலச் சேர்ந்தார். எட்வின் அக்காலத்தில் இலக்குச் சுடுதலுக்கான நீள்துப்பாக்கிகளைச் செய்வதில் பெயர் பெற்றிருந்தார்.

1847இல் சிந்தியா மரியா ஹாஸ் என்பவரை டேனியல் மணந்தார். 1849இல் எட்வின் இறந்தபோது அவரது தொழில் கடனில் இருந்தது. பட்டறை கைவிட்டுப் போயிற்று. எட்வினின் வடிவமைப்பை ஒட்டிச் சுழல்துப்பாக்கிகள் செய்த மாசச்சூசெட்ஸ் ஆர்ம்ஸ் நிறுவனத்தின் மீது சாமுவேல் கோல்ட் காப்புரிமை வழக்குத் தொடர்ந்து 1851இல் வென்றார். வெசனின் பிற்கால வாழ்க்கையிலும் காப்புரிமைகள் முதன்மையான இடம் பெற்றன.

முதற் கூட்டுத்தொழில்

1850களின் தொடக்கத்தில் வெசன், தம்மைவிடப் 17 வயது மூத்தவரான ஹோரஸ் ஸ்மித்துடன் சேர்ந்து கனெடிகட் மாநிலத்தின் நார்விச் நகரில் தொழில் தொடங்கினார். நெம்புகோலால் இயங்கி அடுத்தடுத்துச் சுடும் கைத்துப்பாக்கி ஒன்றை இவர்கள் உருவாக்கினர். இதன் தோட்டாவுக்குத் தனி உலோகக் கூடு கிடையாது. உட்குழிவான ஈயக் குண்டின் பின்புறத்திலேயே வெடிமருந்து அடைக்கப்பட்டிருந்தது. குழிவில் கொள்ளும் மருந்து மிகக் குறைவாதலால் ஆற்றலும் குறைவாக இருந்தது.

1855இல் இத்தொழில் வால்கானிக் ரிப்பீட்டிங் ஆர்ம்ஸ் என்னும் புதிய நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. அதன் முதலீட்டாளர்களில் ஒருவர் ஆலிவர் வின்செஸ்டர். பிற்காலத்தில் வின்செஸ்டர் துப்பாக்கிகளாக வளர்ந்தது இந்த நெம்புகோல் அமைப்பே. வெசன் சில காலம் அங்குப் பணியாற்றியபின் விலகினார்.

.22 தோட்டாவின் தோற்றம்

பிரான்சு நாட்டின் லூயி நிக்கோலா புளோபேர் 1845ஆம் ஆண்டளவில், வீட்டுக் கூடங்களில் இலக்குச் சுடுவதற்காக மிகச் சிறிய தோட்டா ஒன்றைச் செய்திருந்தார். அதில் கருமருந்து இல்லை. அடிபட்டதும் வெடிக்கும் தூண்டுமருந்து மட்டுமே சிறு குண்டைத் தள்ளியது. ஸ்மித்தும் வெசனும் இக்கருத்தை நீட்டித்தனர். செப்புக் கூட்டைச் சற்று நீளமாக்கி, அதன் அடி விளிம்பின் உட்புறத்தில் தூண்டுமருந்தையும், கூட்டினுள் கருமருந்தையும் வைத்தனர். ஏறத்தாழ 4 கிரெய்ன் (0.26 கிராம்) கருமருந்தும், 29 கிரெய்ன் (1.9 கிராம்) ஈயக் குண்டும் கொண்ட 5.6 மில்லிமீட்டர் தோட்டா இவ்வாறு உருவானது.

இத்தோட்டாவைப் பின்புறமாக இடுவதற்கு, முழுதும் துளையிடப்பட்ட உருளையுடன் கூடிய சுழல்துப்பாக்கி தேவைப்பட்டது. அவ்வகை உருளைக்கான காப்புரிமையை ரோலின் ஒயிட் 1855இல் பெற்றிருந்தார். வெசன் அவருக்குக் கடிதம் எழுதி, 1856 நவம்பரில் உடன்பாடு செய்துகொண்டார். விற்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் 25 சென்ட் உரிமத்தொகை என்பதும், காப்புரிமையை மீறுவோர் மீதான வழக்குச் செலவை ஒயிட்டே ஏற்க வேண்டும் என்பதும் அதன் விதிகளாகும்.

கோல்ட்டின் காப்புரிமை 1857இல் காலாவதியானது. அதே ஆண்டில் ஸ்பிரிங்பீல்ட் நகரிலிருந்து ஏழு தோட்டாக்கள் கொள்ளும் மாடல் 1 சுழல்துப்பாக்கி வெளிவந்தது. பொடியையும் குண்டையும் தனித்தனியே இட வேண்டிய துப்பாக்கிகளுக்கு இடையில் இது புதுமையாக விளங்கியது. 1860இல் தோட்டாவின் வடிவமைப்புக்கும் காப்புரிமை கிடைத்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் (1861-1865) படைவீரர்கள் பலர் இதனைத் தம் சொந்தப் பணத்தில் வாங்கினர். 1882ஆம் ஆண்டளவில் உற்பத்தி நிற்கும்வரை மூன்று வடிவங்களிலுமாக இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மாடல் 1 துப்பாக்கிகள் செய்யப்பட்டன.

தோட்டாவின் அமைப்பும் குறையும்

மெல்லிய உலோகத் தகட்டிலிருந்து வட்டத்தை வெட்டி, அதனைக் கிண்ணமாக அழுத்தி, நீளக் குழாயாக இழுத்து, அடிப்பகுதியை மடித்து விளிம்பு அமைக்கப்படுகின்றது. ஈரமான தூண்டுமருந்தை உள்ளே இட்டுச் சுழற்றும்போது அது மடிப்பினுள் சென்று படிகின்றது. துப்பாக்கியின் அடிமுள் விளிம்பின் ஓரிடத்தை நசுக்கியதும் மருந்து வெடிக்கின்றது. தூண்டுமருந்துக்கெனத் தனிக் கிண்ணமோ, அதனைப் பொருத்தும் குழியோ தேவையில்லை. மலிவின் காரணம் இதுவே.

குறைகளும் இங்கேயே தொடங்குகின்றன. மருந்து விளிம்பைச் சுற்றிச் சீராகப் படியாவிட்டால், அடிமுள் விழும் இடம் வெறுமையாக இருக்கக்கூடும். அப்போது தோட்டா வெடிப்பதில்லை. மேலும், நசுங்குவதற்கு ஏற்ப விளிம்பு மெல்லியதாக இருக்க வேண்டியுள்ளதால் மிகுந்த அழுத்தத்தை அது தாங்காது. மாடல் 1இன் தொடக்க வடிவத்தில், வெடித்த தோட்டாவின் அடிப்பகுதி புடைத்து உருளையைச் சுழலவிடாமல் தடுப்பது சிக்கலாக இருந்தது. இதனைத் தவிர்க்க உருளைக்குப் பின்னால் சுழலும் தகடு ஒன்று அமைக்கப்பட்டது. ஆற்றல் மிகுந்த பெரிய தோட்டாக்களுக்கு இம்முறை பொருந்தாது என்பது விரைவில் தெளிவாயிற்று. அவற்றில் நடுவெடி முறை இடம்பிடித்தது. சிறிய தோட்டாவில் விளிம்புவெடி முறை நிலைத்தது.

காப்புரிமை வழக்குகள்

மாடல் 1இன் வெற்றியைக் கண்ட பலர் அதனைப் போலச் செய்யத் தொடங்கினர். ஒயிட் தொடர்ந்த வழக்கு ஒன்று அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை சென்றது. நீதிபதிகள் இரு தரப்பிலும் சம எண்ணிக்கையில் பிரிந்ததால் கீழ் நீதிமன்றத் தீர்ப்பு நிலைத்து, காப்புரிமை பிழைத்தது. தோற்ற நிறுவனங்கள் சில, தம் துப்பாக்கிகளில் அவை ஸ்மித் அண்ட் வெசனுக்காகச் செய்யப்பட்டவை என்று பொறிக்க நேர்ந்தது.

இதன் பயன் இரு தரப்புக்கும் ஒன்றாக அமையவில்லை. வெசனும் ஸ்மித்தும் செல்வந்தராயினர். ஒயிட் பெற்ற உரிமத்தொகையில் பெரும்பகுதி வழக்குகளிலேயே கரைந்தது. 1869இல் காப்புரிமை முடிவடைந்தபின் அதனை நீட்டிக்க அவர் முயன்றார். அமெரிக்கப் பேரவை அவருக்குச் சார்பாக இயற்றிய சட்டத்தைக் குடியரசுத் தலைவர் யுலிசீஸ் கிராண்ட் 1870 ஜனவரியில் தடுப்பதிகாரத்தால் நிராகரித்தார்.

பிற்கால வாழ்க்கை

காப்புரிமை முடியும் காலத்தை எதிர்நோக்கி, வெசன் பெரிய துப்பாக்கிகளில் கவனம் செலுத்தினார். 1870இல் வெளிவந்த மாடல் 3, நடுவெடித் தோட்டாக்களைப் பயன்படுத்திய பெரிய சுழல்துப்பாக்கியாகும். ரசியப் பேரரசு 1871 முதல் இவ்வகையில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை வாங்கியது. 1873இல் ஸ்மித் ஓய்வுபெற்றார். அவரது பங்கை வெசன் விலைக்கு வாங்கினார். பின்னர் மகன்களும் நிறுவனத்தில் சேர்ந்தனர்.

1887இல், கைப்பிடியை இறுகப் பற்றினால் மட்டுமே சுடக்கூடிய பாதுகாப்புச் சுழல்துப்பாக்கி வெளிவந்தது. 1899இல் வெளிவந்த .38 சுழல்துப்பாக்கி, காவல்துறைகளில் பல பத்தாண்டுகள் பயன்பட்ட வகையின் முதல் வடிவமாகும். 1890களில் இலக்குச் சுடுதலுக்கான ஒற்றைத்தோட்டாக் கைத்துப்பாக்கிகளையும், 1902இல் லேடிஸ்மித் என்னும் ஏழு தோட்டா .22 சுழல்துப்பாக்கியையும் நிறுவனம் வெளியிட்டது.

ஸ்பிரிங்பீல்டில் இரண்டு மருத்துவமனைகள் அமைய வெசன் பெரும் நன்கொடை அளித்தார். அவற்றுள் ஒன்று மகப்பேறு மருத்துவமனை ஆகும். 1976இல் இவை பிற மருத்துவமனைகளுடன் இணைந்து பேஸ்டேட் மருத்துவ மையமாயின. 1906இல் மனைவி சிந்தியா காலமான சில வாரங்களில் வெசனும் ஸ்பிரிங்பீல்டில் காலமானார்.

வெசனுக்குப் பின் .22 தோட்டா

.22 ஷார்ட் முதலில் தற்காப்புக்காக விற்கப்பட்டதாயினும், விரைவில் திருவிழாச் சுடுகூடங்களுக்கும் தோட்டத்து இலக்குகளுக்கும் உரியதாயிற்று. 1887இல் ஸ்பிரிங்பீல்டுக்கு அருகிலுள்ள சிக்கப்பி நகரின் ஸ்டீவன்ஸ் நிறுவனம், நீண்ட கூடும் 40 கிரெய்ன் (2.6 கிராம்) குண்டும் கொண்ட .22 லாங் ரைபிள் தோட்டாவை அறிமுகப்படுத்தியது. 1920களின் பிற்பகுதியில், குழலைத் துருப்பிடிக்கச் செய்யாத தூண்டுமருந்துகள் பரவலாயின. .22 ஷார்ட், ஒலிம்பிக் விரைவுச் சுடுதல் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் 2004 வரை பயன்பட்டது. அதன்பின் விதிகள் மாறி.22 லாங் ரைபிள் கட்டாயமாயிற்று.

தோட்டாவைத் தெரிவு செய்தல்

வெசனின் மெல்லிய விளிம்பு தந்த நன்மையும் குறையும் இன்றைய தோட்டாக்களிலும் தொடர்கின்றன. பொழுதுபோக்குச் சுடுதலுக்கு மலிவான, நம்பகமான தோட்டாவைத் தெரிவு செய்வோர் பொதுவாகப் பின்வருவனவற்றைக் கருத்தில் கொள்வர்.

துப்பாக்கியின் வகை: கையால் இயக்கும் துப்பாக்கிகள் எல்லா வேகத் தோட்டாக்களையும் ஏற்கும். தானாகத் தோட்டா ஏற்றும் துப்பாக்கிகளுக்கு அமைப்பை இயக்கப் போதிய உந்துவிசை வேண்டும். அவற்றுள் பல, வினாடிக்கு 380 மீட்டர் அளவிலான உயர்வேகத் தோட்டாக்களிலேயே தடங்கலின்றி இயங்கும். குறைவேகத் தோட்டா மலிவாகக் கிடைத்தாலும் அவற்றில் சிக்கிக்கொள்ளக்கூடும்.

துல்லியம்: வினாடிக்கு 320 முதல் 330 மீட்டர் வரை செல்லும் சீர்வேகத் தோட்டா, ஒலியின் வேகத்தைக் (ஏறத்தாழ 340 மீட்டர்) கடப்பதில்லை. ஒலிவேகத்தைக் கீழ்நோக்கிக் கடக்கும்போது குண்டுக்கு ஏற்படும் அலைவு இதில் இல்லை. போட்டித் தோட்டாக்கள் பெரும்பாலும் இவ்வேகத்தில் அமைவது இதனாலேயே ஆகும்.

குழலின் விருப்பம்: ஒரே வகைத் துப்பாக்கிகள் இரண்டு கூட ஒரே தோட்டாவில் ஒரே விளைவைத் தருவதில்லை. ஆகவே பல வகைகளில் 50 தோட்டாப் பெட்டி ஒவ்வொன்று வாங்கி, ஒரே தொலைவில் ஐந்தைந்தாகவோ பத்துப்பத்தாகவோ சுட்டு ஒப்பிடுவது வழக்கம். ஏற்றது தெரிந்தபின், பெட்டியில் அச்சிட்ட தொகுதி எண் ஒன்றாகவே இருக்கும்படி மொத்தமாக வாங்குவது நன்று.

வெடியாமை வீதம்: ஒரு பெட்டியின் 50 தோட்டாக்களும் வெடித்துவிட்டன என்பதால் அவ்வகை குறையற்றது என்று கொள்ள இயலாது. புள்ளியியல்படி, இதிலிருந்து 95 விழுக்காடு உறுதியுடன் கூறக்கூடியது, வெடியாமை ஏறத்தாழ 6 விழுக்காட்டுக்கு மேல் இராது என்பது மட்டுமே. ஒரு விழுக்காட்டுக்குக் கீழ் என்று கூறுவதற்குக் குறைந்தது 300 தோட்டாக்கள் தொடர்ந்து வெடிக்க வேண்டும். எனவே சுடும்போதெல்லாம் குறிப்பேட்டில் எண்ணிக்கை பதிவது பயனுள்ளது.

உண்மையான விலை: நூற்றில் ஒன்று வெடிக்காவிட்டால் பண இழப்பு ஒரு விழுக்காடு மட்டுமே. விளையாட்டாகத் தகரக் குவளைகளைச் சுடுவோருக்கு இது பொருட்டன்று. நேரக்கட்டுப்பாடு உள்ள போட்டியில் அதே ஒரு தோட்டா முழுச் சுற்றையும் கெடுக்கக்கூடும். ஆகவே மலிவு என்பது பயனைப் பொறுத்தே அமைகின்றது.

தோட்டாவின் அளவு: .22 லாங் ரைபிள் அறையில் .22 ஷார்ட் தோட்டாவைச் சுட இயலும். எனினும் தானாக ஏற்றும் துப்பாக்கிகள் அதில் சரிவர இயங்குவதில்லை. .22 மேக்னம் முற்றிலும் வேறானது. குழலில் பொறித்துள்ள பெயருக்கு உரிய தோட்டாவையே இட வேண்டும்.

விசையை இழுத்தும் தோட்டா வெடிக்காவிட்டால், அது சிறிது தாமதித்து வெடிக்கும் வாய்ப்பு உண்டு. ஆகையால் குழலை இலக்கின் பக்கமே வைத்து, குறைந்தது 30 வினாடி காத்திருந்த பின்னரே வெளியே எடுக்க வேண்டும். சுடும்போது ஒலி வழக்கத்தை விட மெல்லியதாக இருந்தால், குண்டு குழலிலேயே தங்கியிருக்கக்கூடும். துப்பாக்கியை வெறுமையாக்கிக் குழலைப் பார்க்காமல் அடுத்த தோட்டாவைச் சுடுதல் ஆபத்தானது.