வேதம் வாசித்த முனிவர் – தந்தை பீட் கிரிபித்ஸ்

அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் பூவிருந்தவல்லியிலிருந்தும் ரயிலையும் பஸ்ஸையும் பிடித்து, ஓடோடி வந்து காலை வழிபாட்டில் நிற்கிறோம். நம்மில் ஒருத்தி விவிலியத்திலிருந்து ஒரு பகுதியை வாசிக்கிறாள். முதல் பாடவேளை தொடங்கியதும், சற்றுமுன் வாசித்தது என்ன என்று கேட்டால் எத்தனை பேரால் சொல்ல முடியும்? காது கேட்டது, உள்ளம் கேட்கவில்லை. வாசித்த சொல்லை உள்ளத்தில் தங்கவைத்து, அதையே செபமாக்கிக்கொள்ள வாழ்நாள் முழுவதும் பயின்ற துறவி ஒருவர் நம் தமிழகத்தில் வாழ்ந்தார். அவரே தந்தை பீட் கிரிபித்ஸ்.

அவர் 1906ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஆலன் ரிச்சர்ட். தந்தையார் தொழிலில் ஏமாற்றப்பட்டு நொடித்துப்போனதால், தாயார் சிக்கனமாகக் குடும்பத்தை நடத்தினார். பள்ளி வாழ்வின் இறுதி நாட்களில் ஒரு மாலை, தனியே உலாவச் சென்ற ஆலன், பறவைகளின் பாட்டிலும் மரங்களின் பூக்களிலும் சொல்லொணாத ஒரு புனிதத்தை உணர்ந்து மெய்ம்மறந்து நின்றார். ஆனால் கோயிலுக்குப் போகும் பழக்கமோ அவரிடம் நின்றுபோயிருந்தது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர், பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ். அப்போது அவரும் இயேசுவை ஏற்றுக்கொண்டிருக்கவில்லை.

படிப்பு முடிந்தபின், 1930இல் ஆலனும் இரு நண்பர்களும் ஒரு சிற்றூரில் குடிசை வீடு ஒன்றை வாங்கிக் குடியேறினர். இயந்திர நாகரிகம் அவர்களுக்குச் சலித்துப்போயிருந்தது. மின்விளக்கும் குழாய்த் தண்ணீரும் இல்லாத அந்த வீட்டில் பசுக்களைக் கறந்து எளிமையாக வாழ்ந்தனர். விவிலியத்தையும் சேர்ந்து வாசித்தனர். முதலில் பக்தியினால் அல்ல. நல்ல இலக்கியம் என்பதற்காகத்தான்! நாள் செல்லச் செல்ல அந்தச் சொற்கள் ஆலனை விடவில்லை. நூலை அவர் ஆராய்ந்த காலம் போய், நூல் அவரை ஆராயத் தொடங்கியது.

அந்த வாழ்க்கை ஓராண்டுகூட நீடிக்கவில்லை. பின்னர் லண்டனில் ஏழைகள் வாழும் பகுதிக்குச் சென்றபோது கடும் மனப்போராட்டம் அவரை வாட்டியது. தம் அறிவே தமக்கு வழிகாட்டும் என்று நம்பியிருந்தவர், ஓர் இரவு முழுவதும் உறங்காமல் செபத்தில் கிடந்தார். அந்த இரவில்தான் அவருடைய அறிவின் செருக்கு உடைந்தது. 1931இல் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய நாள் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே பிரிங்நாஷ் மடத்தில் புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியானார். பீட் என்னும் பெயரைப் பெற்றார். 1940இல் குருப்பட்டம் பெற்றார்.

ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் வகுத்த ஒழுங்கில், வேலைக்கும் பொதுச் செபத்துக்கும் போலவே வேத வாசிப்புக்கும் தினமும் நேரம் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் கைகோ என்னும் துறவி இதை நான்கு படிகளாக விளக்கினார். முதலில் மெதுவாக வாசித்தல். அடுத்து, வாசித்ததை மனத்தில் திருப்பித் திருப்பி எண்ணுதல். மூன்றாவது, அதுபற்றி ஆண்டவரோடு பேசுதல். கடைசியில் பேச்சும் அடங்கி, அவர் முன்னிலையில் சும்மா இருத்தல். பசு அவசரமாக மேய்ந்த புல்லைப் பிறகு நிழலில் படுத்து அசைபோடுகிறது அல்லவா? வேத வாசிப்புக்கும் துறவியர் அந்த உவமையையே சொல்வார்கள். பசுக்களைக் கறந்த தந்தை பீட் அதை எளிதில் புரிந்துகொண்டிருப்பார்!

1955இல் அவர் இந்தியா வந்தார். 1958இல் கேரளத்தில் குரிசுமலை ஆசிரமத்தைத் தொடங்குவதில் துணைநின்றார். 1968இல், குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையிலுள்ள சச்சிதானந்த ஆசிரமத்தின் பொறுப்பை ஏற்றார். சாந்திவனம் என்று வழங்கும் இவ்வாசிரமத்தை 1950இல் தோற்றுவித்தவர்கள் மோன்சானின், லெ சோ என்னும் பிரெஞ்சுக் குருக்கள்.

அங்கே தந்தை பீட் காவி உடுத்தி, சிறு குடிசையில் வாழ்ந்தார். நாள்தோறும் மூன்று வேளைப் பொதுச் செபம். சூரியன் எழும்போதும் சாயும்போதும் ஒவ்வொரு மணி நேர மௌனத் தியானம். திருப்பாடல்களோடும் விவிலிய வாசகங்களோடும் பிற சமய மறைநூல்களும் வாசிக்கப்பட்டன. கத்தோலிக்கக் குரு இப்படிச் செய்யலாமா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. வெளிநாட்டவர் காவி கட்டலாமா என்று கண்டித்த இந்துக்களும் உண்டு. அவர் தம் வழியைக் கைவிடவில்லை. எத்தனையோ நூல்களைக் கற்ற அந்த அறிஞர் தம் தனிச் செபத்துக்குத் தேர்ந்துகொண்டது, இயேசுவின் பெயரைச் சொல்லி இரக்கம் வேண்டும் ஒரு சிறிய மன்றாட்டு. பல்லாண்டுகள் அதையே சொல்லிவந்தார்.

1990 ஜனவரியில், 83ஆம் வயதில், பக்கவாதம் அவரைத் தாக்கியது. சில நாட்கள் பேச்சே இல்லை. எழுதியும் உரையாற்றியும் வாழ்ந்தவருக்கு இதைவிடப் பெரிய சோதனை ஏது? ஆனால் தேறியபின் அவர் தந்த சாட்சியம் வியப்பானது. தம் தலையிலிருந்த அறிவு இதயத்துக்கு இறங்கியதாகவும், அன்பு தம்மை வெள்ளமாகச் சூழ்ந்ததாகவும் அவர் கூறினார். சொற்கள் போனபின்னும் அன்பு நிலைத்திருந்தது. 1993 மே 13ஆம் நாள் சாந்திவனத்தில் தம் குடிசையிலேயே உயிர்நீத்தார்.

அன்புத் தோழியரே! நாம் மதிப்பெண்ணுக்காக வாசிக்கிறோம்; தேர்வு முடிந்ததும் மறக்கிறோம். நாளைக் காலை வழிபாட்டில் வாசிக்கப்படும் பகுதியிலிருந்து ஒரே ஒரு சொற்றொடரை நமக்கென்று எடுத்துக்கொள்வோம். மாலையில் நெரிசல் மிகுந்த ரயிலில் நின்றுகொண்டே அதை அசைபோடுவோம். காவிரிக் கரையின் அமைதி நமக்கு வாய்க்காமல் போகலாம். ஆனால் அம்முனிவரின் உள்ளத்தில் தங்கிய அதே இறைவார்த்தை நமக்கும் தரப்பட்டுள்ளதே!