ஹான்ஸ் பிஷர்

கடற்காற்று ஓயாது வீசும் எம் திருவொற்றியூரில் இரும்பு நெடுநாள் இரும்பாக இருப்பதில்லை. கரையேற்றிய படகின் ஆணியும் ஆலைவாயிற் கம்பியும் சில மாரிகளுக்குள் செந்துருவாய் உதிர்கின்றன. ஆயின், நம் குருதியிலும் இரும்பு உண்டு. அது பிராணவாயுவை இடையறாது ஏற்றும், வேண்டுமிடத்தே விடுத்தும் பணிசெய்கின்றது, துருவேறுவதில்லை. அவ்விரும்பு அமர்ந்திருக்கும் பொருளின் அமைப்பை ஆராய்ந்து, சோதனைச் சாலையிலேயே அதனை ஆக்கிக் காட்டியவர் ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ் பிஷர். தமிழ் பயிலும் எமக்கு இரசாயனத்தில் என்ன வேலையென்று விஞ்ஞான வகுப்பு நண்பர்கள் நகைப்பர்; நகைக்கட்டும்.

பிஷர் 1881-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 27-ஆம் நாள், மைன் நதிக்கரையிலுள்ள ஹோக்ஸ்ட் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் சாயத்தொழில் அறிந்த இரசாயன நிபுணர். மகனார் இரசாயனம், மருத்துவம் இரண்டிலும் தேறி, இன்ஸ்புரூக்கிலும் வியன்னாவிலும் கற்பித்து, 1921-ல் மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியிற் பேராசிரியரானார். இதற்கிடையே காசநோயால் சிறுநீரகம் ஒன்றை இழந்தார்.

உலர்ந்த குருதியை உப்போடும் அசெடிக அமிலத்தோடும் காய்ச்சினால் கருமையான சிறு படிகங்கள் தோன்றும். 1853-ல் டைக்மன் என்பார் கண்ட இப்பொருளே ஹீமின். பைரோல் என்னும் சிறு வளையங்கள் நான்கு கூடிய ஒரு பெருவளையமும் அதன் நடுவில் இரும்பும் கொண்டது அது. பிஷர் முதலில் அதனைச் சிதைத்துத் துண்டுகளை அறிந்தார். பின்பு அத்துண்டுகளைத் தாமே ஆக்கிப் பொருத்தலானார். இடர் யாதெனில், வளையத்தின் ஓரத்துக் கிளைகளைப் பதினைந்து வகையாக மாற்றி நிறுத்தலாம். இயற்கை கையாள்வதோ அவற்றுள் ஒன்றே. அவருடைய வரிசையில் அஃது ஒன்பதாவது. இன்றும் அதனைப் புரோட்டோபோர்பிரின் ஒன்பது என்றே வழங்குகின்றனர். 1929-ல் அவ்வளையத்தை ஆக்கி, அதனுள் இரும்பைப் புகுத்தினார். கையாற் செய்த ஹீமினும் குருதியில் எடுத்த ஹீமினும் ஒன்றே எனத் தெளிந்தது. மறு ஆண்டு நோபெல் பரிசு அவரை அடைந்தது.

காட்டலேஸ், பெராக்சைடேஸ் முதலிய நொதிகளின் வினையிடத்திலும் இத்தகைய இரும்பே தொழில் புரிகின்றது. எனினும் தனித்த ஹீமினின் ஆற்றல் நொதியின் ஆற்றலுக்குப் பல்லாயிர மடங்கு தாழ்ந்தது. பிராணவாயுவைத் தாங்கும் தொழிலிலும் இக்குறையே: புரதத்தின் காவலின்றி நின்றால், அதன் இரும்பு பிராணவாயுவை இடையிட்டு மற்றோர் இரும்போடு பிணைந்து, எம் கடற்கரை ஆணியைப்போல் துருவொத்த நிலையை அடைந்துவிடும். அக்காவலைச் சமைக்கும் கலை பிஷர் காலத்தில் வாய்க்கவில்லை.

பச்சிலையின் நிறப்பொருளிலும் பித்தநீரின் நிறப்பொருளிலும் அவர் பின்னும் உழைத்தார். இரண்டாம் உலகப் போரில் விழுந்த குண்டுகள் அவருடைய சோதனைச் சாலையை அழித்தன. 1945 மார்ச்சு 31-ஆம் நாள், தம் அறுபத்து மூன்றாம் வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஐரோப்பாவிற் போர் ஓய இன்னும் ஆறு வாரமும் இல்லை. அவர்மேற் குற்றம் சாட்ட எமக்கு நாவெழவில்லை. அவ்வாறு வாரத்தை நினைக்கவே நெஞ்சு கனக்கின்றது.

1973-ல் அமெரிக்காவில் கோல்மன் என்பாரும் அவர் துணைவரும் போர்பிரின் வளையத்தின் ஒருபுறம் நான்கு அணுக்கூட்டங்களை வேலிக்கால் போல நிறுத்தினர். வேலிக்குட்பட்ட இரும்பு பிராணவாயுவை ஏற்றது, மீளவும் விடுத்தது. நம் திருச்சிராப்பள்ளிப் பாரதிதாசன் பல்கலைக் கழகத்திலும் பேராசிரியர் பழனியாண்டவரும் அவர்தம் மாணவரும், போர்பிரின் இல்லாத வேறு இரும்புச் சேர்மங்களை ஆக்கினர். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் கேட்டகோல் என்னும் பொருளின் வளையத்தைப் பிராணவாயுவாற் பிளக்க ஒரு நொதியைக் கொண்டுள்ளன. அந்நொதியின் தொழிலையே அச்சேர்மங்கள் குடுவைக்குள் செய்து காட்டின.