அரியணையைக் காத்த அரசி

வாளேந்தி வென்ற வேந்தர் வரலாற்றில் பலர். நாட்டை அடைக்கலப் பொருளாய்க் காத்தவரோ சிலர். அச்சிலருள் ஒருவராகவே இராணி மங்கம்மாளை நான் போற்றுகிறேன்.

மதுரை நாயக்க மன்னர் சொக்கநாதரின் துணைவியார் அவர். கணவர் 1682-இல் மறைந்தார். 1689-இல் மகன் அரங்ககிருஷ்ண முத்துவீரப்பரும் பெரியம்மைக்கு இரையானார். மருமகளும் ஆண்மகவை ஈன்றபின் மாண்டார். கைக்குழந்தையான பேரன் விசயரங்க சொக்கநாதனுக்கு முடிசூட்டி, அவன் பெயரால் மங்கம்மாள் ஆண்டார். பைசாந்தியப் பேரரசி ஐரீன் 797-இல் பெற்ற மகனின் கண்களைப் பறித்துத் தனியாட்சி கொண்டாள். நம் அரசியோ பேரனின் அரியணைக்குக் காவலாய் நின்றார்!

முகலாயப் படை தெற்கே வந்தபோது திறை செலுத்திப் போரைத் தவிர்த்தார். கோழைமையா இது? அன்று, குடிகளைக் காத்த விவேகம். 1697-இல் திருவிதாங்கூர் மீது படை அனுப்பியவரும் அவரே.

சாலைகள் அமைத்தார், ஓரங்களில் மரங்கள் நட்டார், சத்திரங்கள் எழுப்பினார். எங்கள் திருவொற்றியூரில், சரக்கு லாரிகள் ஓயாத எண்ணூர் நெடுஞ்சாலையில் நிழல் தேடி நடக்கையில் அவ்வறத்தின் அருமை எனக்குப் புரிகிறது.

1706-இல் அவர் ஆட்சி முடிந்தது. சிறையில் பட்டினியால் மாண்டார் என்பது செவிவழிச் செய்தி. காத்தவருக்குக் கைம்மாறு அதுதான் எனில், அதனினும் கொடுமை உண்டோ? ஆயினும் மதுரையில் மங்கம்மாள் சத்திரம் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஆட்சி யார் பொருட்டு என்று கேட்போருக்கு அப்பெயரே விடை!