கடல் தாங்கிக்கொள்ளும் என்று நம்பியவர்

கடலைப் பற்றி உலகத்துக்கே எழுதிக் காட்டிய ஒருவர், 22 வயது வரைக்கும் கடலையே பார்த்ததில்லை. அவர் பெயர் ரேச்சல் கார்சன். நம்மில் பலர் இந்தப் பெயரைப் பள்ளியில் ஒரே ஒரு வரியில் கேட்டிருப்போம்: டி.டி.டி பூச்சிமருந்தை எதிர்த்து 'மௌன வசந்தம்' எழுதிய அமெரிக்கப் பெண்மணி. அவ்வளவுதான். ஆனா அவர் கடல் உயிரியல் படித்தவர், வாழ்நாளில் பெரும்பகுதி கடலைப் பற்றியே எழுதியவர். பூச்சிமருந்துக் கதை அவருடைய கடைசி ஆறேழு வருஷத்தில் வந்தது. அதுக்கு முன்னாடி நடந்ததுதான் என்னை ரொம்ப யோசிக்க வச்சது.

1907 மே 27ஆம் தேதி, பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்பிரிங்டேல் என்ற சின்ன ஊரில் பிறந்தார். பக்கத்தில் ஓடுவது அலெகெனி ஆறு. கொஞ்ச தூரத்தில் பிட்ஸ்பர்க்கின் இரும்பாலைகள். கடலோ பல நூறு கிலோமீட்டர் தள்ளி. மூன்று பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி. காடு மேடெல்லாம் கூட்டிக்கொண்டு போய்ப் பறவைகளையும் செடிகளையும் காட்டியவர் அம்மா. 11 வயதிலேயே சிறுவர் பத்திரிகையில் இவர் எழுதின கதை வந்துவிட்டது. அதனால் கல்லூரிக்குப் போனதும் ஆங்கில இலக்கியம்தான் எடுத்தார். நடுவில் உயிரியல் பேராசிரியை ஒருவரின் வகுப்பு மனசை மாற்றியது. அந்தக் காலத்தில் அறிவியல் படித்த பெண்ணுக்கு வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு. தெரிந்தேதான் மாறினார்.

1929இல் பட்டம் வாங்கின கையோடு, வுட்ஸ் ஹோல் கடல் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு கோடைகாலப் பயிற்சிக்குப் போனார். முதன்முதலா கடலைப் பார்த்தது அங்கேதான். 1932இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முதுகலை முடித்தார். முனைவர் பட்டத்தைத் தொடர முடியவில்லை. பொருளாதார மந்தம், வீட்டில் பணமில்லை. 1935இல் அப்பா இறந்துவிட்டார். 1937இல் அக்காவும் இறந்துபோக, அக்காவின் இரண்டு பெண்பிள்ளைகளும் இவர் பொறுப்பில் வந்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளாமல், அம்மாவையும் பிள்ளைகளையும் தன் சம்பளத்தில் பார்த்துக்கொண்டார். இப்படி ஒரு சின்னம்மா நம்ம உறவுகளிலும் இல்லாமல் இருக்க மாட்டார்.

அந்தச் சம்பளம் அரசாங்க மீன்வளத் துறையிலிருந்து வந்தது. முதலில் கடல் வாழ்க்கையைப் பற்றி 52 வானொலிப் பகுதிகள் எழுதிக் கொடுக்கும் தற்காலிக வேலை. 1936இல் அரசுத் தேர்வில் முதலாவதாக வந்து நிரந்தரமானார். துறையின் சிற்றேடு ஒன்றுக்காக இவர் எழுதிய முன்னுரையைப் படித்த மேலதிகாரி, இது அரசாங்க ஏட்டுக்கு உரியதல்ல, நல்ல பத்திரிகைக்கு அனுப்பு என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அது 1937இல் 'அட்லாண்டிக்' இதழில் வந்தது. அதையே வளர்த்து 1941 நவம்பரில் முதல் புத்தகம். அடுத்த மாதமே பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது, அமெரிக்கா போரில் இறங்கியது. புத்தகத்தை யார் வாங்குவார்கள்? பகலில் அலுவலகம், இரவில் எழுத்து என்று இன்னும் பத்து வருஷம் போனது.

1951இல் வந்தது 'நம்மைச் சுற்றியுள்ள கடல்'. நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் 86 வாரம் இருந்தது. அடுத்த வருஷம் அமெரிக்காவின் தேசிய புத்தக விருது. அதே வருஷம் வேலையை விட்டார், பிறகு மேய்ன் மாநிலக் கடற்கரையில் சின்ன வீடு கட்டினார், பாறைக் குட்டைகளில் மணிக்கணக்காக நண்டையும் சிப்பியையும் பார்த்துக்கொண்டிருந்தார். 1955இல் கடலோர உயிர்களைப் பற்றி இன்னொரு புத்தகம். அதோடு நின்றிருந்தால் நிம்மதியா வாழ்ந்திருக்கலாம்.

நான் சொல்ல வந்த விஷயம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த நாள் வரைக்கும் அவர் மனசில் ஒரு நம்பிக்கை இருந்தது. மனுஷன் காட்டை வெட்டலாம், ஆற்றை அடைக்கலாம். ஆனா கடலும் மழையும் காற்றும் அவன் கைக்கு எட்டாதவை. எவ்வளவு கெடுத்தாலும் இயற்கை தன் போக்கில் போகும். யோசித்துப் பார்த்தால் நம்முடைய நம்பிக்கையும் அதுதான். கங்கையில் கலந்தது எல்லாம் தூய்மை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மாசி மகத்துக்குக் கடலுக்குப் போகிறோம், அஸ்தி கரைக்கப் போகிறோம். வரும்போது பூமாலையோடு பிளாஸ்டிக் பையையும் சேர்த்து விட்டுவிட்டு வருகிறோம். என் படிப்பு இரசாயனப் பொறியியல். அங்கேயும் இதே எண்ணம் கணக்கு வேஷத்தில் வரும்: கொட்டுகிற அளவு சின்னது, கடலோ பெரிசு, நீர்த்துப் போய்விடும்.

கார்சனின் நம்பிக்கையை முதலில் ஆட்டியது அணுகுண்டு. போருக்குப் பிறகு அணுக்கழிவைக் காங்கிரீட் ஊற்றிய பீப்பாய்களில் அடைத்துக் கப்பலிலிருந்து கடலில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஆழ்கடலில் தண்ணீர் அசையாது, போட்டது போட்ட இடத்திலேயே கிடக்கும் என்று நினைப்பு. கடலடி நீரோட்டங்களைப் பற்றி ஊருக்கே சொன்னவருக்கு அது பொய் என்று தெரியாதா? 1961இல் தன் கடல் புத்தகத்தின் புதிய பதிப்புக்கு ஒரு முன்னுரை எழுதினார். நீரோட்டம் கழிவை எடுத்துப் போகும், நுண்ணுயிர் அதை உடம்பில் சேர்க்கும், மீன் தின்னும், வலசை போகும் உயிர்கள் இன்னும் தூரமாகக் கொண்டுபோகும். விளைவு தெரிவதற்கு முன்னாலேயே கொட்டி முடித்துவிடுகிறோம் என்று எச்சரித்தார். உலகம் முழுக்க அணுக்கழிவைக் கடலில் கொட்டத் தடை வந்தது 1993இல்தான்.

அதே காலத்தில்தான் பூச்சிமருந்து. 1958இல், விமானத்திலிருந்து டி.டி.டி தெளித்த பிறகு தன் வீட்டருகே பறவைகள் செத்து விழுந்ததை ஒரு தோழி எழுதியிருந்தார். கார்சன் நாலு வருஷம் ஆவணங்களைத் தோண்டினார். அவர் எடுத்துக் காட்டிய ஒன்று ஃபுளோரிடாவில் நடந்தது. 1955இல் கடலோரச் சதுப்பு நிலத்தில் மணல் ஈக்களை ஒழிக்க டீல்ட்ரின் தெளித்தார்கள். ஏறக்குறைய 30 வகை மீன்கள், மொத்தம் ஒரு மில்லியனுக்கும் மேல் செத்தன. அந்தச் சதுப்பு கடல்மீன் குஞ்சுகள் வளரும் தொட்டில்.

என்னை உட்கார வைத்தது கலிஃபோர்னியாவின் கிளியர் ஏரி. கடிக்கக்கூடத் தெரியாத சின்னப் பூச்சி தூண்டில்காரர்களுக்குத் தொல்லை என்று டி.டி.டியின் உறவுக்கார மருந்து ஒன்றைக் கலந்தார்கள். 50 மில்லியன் பங்கு தண்ணீருக்கு 1 பங்கு. ரொம்பக் கவனமாகத்தான் கணக்குப் போட்டிருந்தார்கள். பிறகு செத்து மிதந்த முக்குளிப்பான் பறவைகளின் கொழுப்பைச் சோதித்தால், ஒரு மில்லியனுக்கு 1,600 பங்கு. கால்குலேட்டரில் போட்டுப் பாருங்க, 80,000 மடங்கு. மருந்து தண்ணீரில் கரையாது, கொழுப்பில் சேரும். பாசி, சின்ன மீன், பெரிய மீன், பறவை என்று ஒவ்வொரு படியிலும் கூடிக்கொண்டே போகும். நீர்த்துப் போகும் என்ற கணக்கை உயிர்கள் தலைகீழாக்கிவிடும். கடலிலும் இதே கதைதான். கூழைக்கடாவும் மீன் கழுகும் இட்ட முட்டைகள் தோடு மெலிந்து, தாய் அடைகாக்க உட்கார்ந்ததுமே உடைந்தன.

என் பாட்டி தோட்டத்தில் மருந்து அடித்தவர். முதுகில் டின், முகத்தில் ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. மழை வந்தால் அந்த மருந்து கானுக்குப் போகும், கானிலிருந்து ஆற்றுக்கு, ஆற்றிலிருந்து கடலுக்கு. 2019இல் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் யாரோ இரசாயனக் கழிவைக் கொட்டியபோது, ஆயிரக்கணக்கானோர் மருத்துவமனைக்கு ஓடினார்கள், நூற்றுக்கும் மேல் பள்ளிகளை மூடினார்கள். அந்த ஆறும் ஜொகூர் நீரிணையில்தான் போய்ச் சேருகிறது.

'மௌன வசந்தம்' 1962 செப்டம்பரில் வந்தது. இரசாயன நிறுவனங்கள் கொதித்தெழுந்தன. கல்யாணமாகாத கிழவிக்கு வருங்காலத் தலைமுறை மேல் என்ன அக்கறை என்றுகூடக் கேலி பேசினார்கள். உண்மையில், அக்காள் மகள் 1957இல் இறந்தபோது அனாதையான ஐந்து வயதுப் பையனைத் தத்தெடுத்து வளர்த்துக்கொண்டிருந்தார் அவர். யாருக்கும் தெரியாத இன்னொன்றும் இருந்தது. புத்தகம் எழுதும்போதே மார்பகப் புற்றுநோய். வெளியே சொன்னால், நோயாளியின் கோபம் என்று ஆராய்ச்சியைத் தள்ளிவிடுவார்கள் என்று மறைத்தார். விக் வைத்துக்கொண்டு 1963இல் தொலைக்காட்சியில் நிதானமாகப் பதில் சொன்னார். மே மாதம் அதிபர் கென்னடியின் அறிவியல் குழு இவர் சொன்னதை ஏற்று அறிக்கை விட்டது. ஜூனில் செனட் குழு முன் சாட்சி சொன்னார்.

இணையத்தில் இன்னும் ஒரு பழி சுற்றுகிறது: இவரால்தான் டி.டி.டி போய் மலேரியாவில் மக்கள் செத்தார்கள் என்று. புத்தகத்தைப் படிக்காதவர்கள் பேச்சு அது. நோய் தடுக்க மருந்தே வேண்டாம் என்று அவர் எங்கேயும் எழுதவில்லை. கண்டபடி தெளித்தால் கொசு பழகிவிடும், அப்புறம் மருந்தே வேலை செய்யாது என்றுதான் எழுதினார். அமெரிக்காவின் தடையும் மற்ற நாடுகளின் மலேரியா ஒழிப்பைக் கட்டுப்படுத்தவில்லை.

1964 ஏப்ரல் 14ஆம் தேதி, 56 வயதில் இறந்தார். அஸ்தியில் ஒரு பகுதி அம்மாவின் கல்லறை அருகே. இன்னொரு பகுதியை மேய்ன் கடலோரத்தில் தூவினார்கள்.

அமெரிக்கா டி.டி.டியைத் தடை செய்தது 1972இல். அதுக்குள் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஒரு தொழிற்சாலை பல வருஷம் சாக்கடை வழியாகக் கடலில் விட்ட டி.டி.டி அடிமண்ணில் படிந்துவிட்டது. இன்றைக்கும் அங்கேயே கிடக்கிறது. எதிரே உள்ள சேனல் தீவுகளில் வெண்தலைக் கழுகு அற்றே போனது. 1980இலிருந்து வெளியிலிருந்து கழுகுகளைக் கொண்டுவந்து விட்டார்கள், முட்டைகள் பொரியவில்லை. சாந்தா குரூஸ் தீவில் மனுஷர் உதவியில்லாமல் ஒரு குஞ்சு தானாகப் பொரிந்தது 2006இல், தடை வந்து 34 வருஷம் கழித்து.