தவணையில் வளர்ந்த காப்பியம்

மதமாற்றம் பற்றிய விவாதம் எழும்போதெல்லாம், சமயம் மாறியவர் தம் மொழி மரபையும் கைவிட்டவர் என்ற குற்றச்சாட்டு கூடவே எழுகிறது. முருகனின் குகைக்கோயிலும் தேவாலய மணியோசையும் அருகருகே இருக்கும் வள்ளியூரில் வாழும் எனக்கு அது பழகிய வாதம். அதைக் கேட்கும்போதெல்லாம் எச்.ஏ.கிருஷ்ணபிள்ளையை நினைத்துக்கொள்வேன்.

அவர் 1827இல் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில், வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை சங்கரநாராயண பிள்ளை கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். அந்தச் செவிச்செல்வமே மகனுக்கு வாய்த்த முதல் மூலதனம். 1853இல் சாயர்புரம் கிறிஸ்தவக் கல்விக்கூடத்தில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். நெற்றியில் திருமண் துலங்க மிஷன் பள்ளியில் தமிழ் கற்பித்த அவர், 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் என்ற பெயர்கள் முன்னெழுத்துகளாக ஒட்டிக்கொண்டன. கிருஷ்ணன் என்ற பெயரோ இறுதிவரை நிலைத்தது. உறவும் குலமும் வாழ்வின் காப்புறுதியாக இருந்த காலத்தில், அவற்றின் ஆதரவை இழக்கும் அபாயத்தை அறிந்தே எடுத்த முடிவு அது.

பிறகு பாளையங்கோட்டையிலும் திருவனந்தபுரத்திலும் தமிழ் கற்பிப்பதே அவர் பிழைப்பாயிற்று. உரைநடைத் திரட்டும் சமய விளக்க நூலும் எழுதினார். அவர் பெயரை நிலைநிறுத்தியது 'இரட்சணிய யாத்திரிகம்'. ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கில உருவகக் கதையே அதற்கு மூலம். ஒரு பயணி அழிவின் நகரைவிட்டு வான்நகர் நோக்கி நடக்கும் கதை அது. அதனை வெறும் மொழிபெயர்ப்பு என்போர் நூலைப் படித்தவர்களாக இருக்க முடியாது. பனியன் எளிய உரைநடையில் சொன்னதைக் கிருஷ்ணபிள்ளை கம்பனின் விருத்தநடைக்குக் கொண்டுவந்தார். ஐந்து பருவங்களாகப் பகுத்தார். குமார பருவத்தில் இயேசுவின் பாடுகளை விரித்துப் பாடியது மூலத்தில் இல்லாத அவரது சேர்க்கை. கதை நடுவே தேவாரம் என்ற பெயரிலேயே இசைப்பாடல்களையும் அமைத்தார். ஆழ்வார்களும் நாயன்மார்களும் பண்படுத்திய பக்திமொழி இல்லாமல் தம் புதிய கடவுளிடம் பேச அவருக்குத் தெரியவில்லை, தேவையும் படவில்லை. சைவ சித்தாந்தக் கலைச்சொற்கள்கூட அப்பாடல்களில் இயல்பாக வந்து அமர்கின்றன.

பொருளியல் கற்பித்தவன் என்பதால் இன்னொன்றும் என்னை ஈர்க்கிறது. இக்காப்பியம் 'நற்போதகம்' என்ற மாத இதழில் 13 ஆண்டுகள் தொடராக வந்தது. அன்றாடப் பணிக்கிடையே திங்கள்தோறும் தவணை கட்டுவதுபோல் விருத்தங்களைச் செலுத்தியிருக்கிறார். எந்தப் புரவலனும் பொற்கிழியுடன் காத்திருக்கவில்லை. நம்பிக்கை என்பதை உணர்ச்சிப் பெருக்கு என்று மட்டும் கருதுவோர் இந்த ஒழுங்கைக் கவனிக்கலாம். 3,766 பாடல்கள் கொண்ட நூல் 1894இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 67.

கிறிஸ்தவக் கம்பர் என்று அவரைப் புகழ்கிறோம், புகழ்ந்ததோடு நிறுத்திக்கொள்கிறோம். தமிழ்த்துறைகள் பெரும்பாலும் அவரைச் சமய இலக்கியம் என்ற அலமாரியில் ஒதுக்கிவிட்டன. திருச்சபையினருக்கோ அந்தச் செந்தமிழ் எட்டாத் தொலைவாகிவிட்டது. இரு தரப்பும் உரிமை கொண்டாட வேண்டிய ஒருவரை இரு தரப்புமே வாசிக்காமல் விட்டிருப்பது எனக்கு வருத்தம்தான்.

நூல் வெளியான பின்னும் அவர் ஓயவில்லை. 'இரட்சணிய மனோகரம்' அதன்பின் வந்தது. 1900 பிப்ரவரியில் மறைந்தார். அவருடைய துதிப்பாடல் ஒன்றை நெல்லைச் சீமைத் தேவாலயங்களில் இன்றும் பாடுகிறார்கள்.